வலப்பக்கப் பொத்தான்

கைபேசி விளையாட்டு செய்வது எப்படி, எங்கே தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கல்லடியில் என் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கணினி, மின்சாரம் போனால் கீச்சிடுகிற ஒரு பெட்டி. என் நிறுவனம் அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரிய பெரிய கனவோடு வருவார்கள். நூறு கட்டங்கள், குதிரைப்படை, மந்திரவாதி, பின்னணியில் இசைக்குழு. நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளியே போகிற பொத்தான் எங்கே என்று கேட்பேன். அவர்கள் முகம் சுண்டிப் போகும். இந்தக் காலத்துக் கைபேசிக்கு அப்படி ஒன்று தேவையில்லை, விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும் என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். தேவையில்லைதான். ஆனாலும் முதலில் அதைச் செய்துகொண்டு வா, பிறகு குதிரையைப் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு மண்டைக்கனம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வி மட்டும் என்னுடையது இல்லை, அக்காவுடையது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு மட்டக்களப்பில் வீடு கட்டிக்கொடுக்க வந்த உதவி நிறுவனம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் வேலை பார்த்தோம். வீடு இழந்தவர்களின் விபரங்களை அவர் கணினியில் தட்டுவார். நான் வீட்டு வரைபடங்களுக்கு நிறம் தீட்டிக் கோப்பில் போடுவேன். முதல் நாளே என் இடத்தை மாற்றச் சொன்னார். வாசலைப் பார்த்த நாற்காலி அவருக்கு வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சன்னல் காற்று அந்த நாற்காலிக்குத்தான் வரும்.

பிறகுதான் கவனித்தேன். அலுவலக வாசலில் எல்லோருடைய செருப்பும் உள்ளே வந்த வாக்கில் கிடக்கும். அவருடையது மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும், கால் வைத்ததும் ஓடலாம் என்பதுபோல. பஸ்ஸில் மிதிபலகைக்குப் பக்கத்து இருக்கை கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி வரிசை. கோயிலுக்குப் போனால் கொடிமரத்தோடு சரி. புதிதாக ஓர் இடத்துக்குள் நுழைந்தால் அவர் கண் முதலில் சுவரைச் சுற்றிவரும். ஆட்களைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருந்தோம். அதை வைத்தவள் நானேதான், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் கணினிக் கல்வியில் ஏதோ ஒரு சான்றிதழ் படித்தவர். யாரிடமோ பிரதி எடுத்த ஒரு சீடீ அவரிடம் இருந்தது. கைபேசிக்கு விளையாட்டு எழுதுகிற சாமான்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அப்போதைய கைபேசிகள் பொத்தான் வைத்தவை, திரை தீப்பெட்டி அளவு. ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்ததும் தன் கைபேசியை என் முன்னால் நீட்டினார். நீலத் திரை. வலப்பக்கக் கீழ் மூலையில் வெளியேறு என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல். வேறு ஒன்றுமே இல்லை. வலப்பக்கப் பொத்தானை அமுக்கினால் திரை மூடிக்கொள்ளும். தான் செய்த முதல் விளையாட்டு என்றார். நான் சிரித்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாததில் இருந்து எதற்கு வெளியே வர வேண்டும் என்று கேட்டேன்.

"வெளியில வர ஏலாத ஒண்டுக்குள்ள ஆரையும் கூட்டிட்டுப் போக ஒண்ணா கா," என்றார், எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடுகிற அந்தக் 'கா'வோடு. "முதல்ல இது வேலை செய்யட்டும். மறுகா தோணியப் பாப்பம்."

அப்படித்தான் நாங்கள் தொடங்கினோம். வாவியில் ஒரு தோணி. இறாலைப் பொறுக்கிக்கொண்டே கரைசேர வேண்டும். கண்டல் மரத்தில் மோதக்கூடாது, முதலையிடம் மாட்டக்கூடாது. கதை இவ்வளவே. அவர் கட்டளைகளை எழுத, நான் படம் வரைந்தேன். தோணி ஒன்று பொத்தானுக்கு அசைய எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு விளையாட்டு முழுவதும் ஒரு சின்னப் புகைப்படத்தின் கனத்துக்குள் அடங்க வேண்டும், கூடினால் கைபேசி ஏற்றுக்கொள்ளாது. நான் தண்ணீருக்கு நான்கு நிறம் தீட்டிக்கொண்டு வந்தேன். இரண்டைப் பிடுங்கி எறிந்தார். முதலைக்குப் பல் வைத்தேன், அதுவும் போயிற்று. சண்டை பிடித்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு 'வெளியே' என்று தமிழில் வைப்போம் என்றபோது மட்டும் உடனே சரி என்றார். அந்தக் கைபேசிகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் அந்த மூன்று எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் படமாகவே வரைந்தேன். எவ்வளவு கனம் என்று அவர் கேட்கவே இல்லை.

செய்ததைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. கைபேசியை அலுவலகக் காவலாளியிடம் கொடுப்பார். ஒரு வார்த்தை விளக்கமாட்டார். எனக்கு நாக்கு அரிக்கும், இடப்பக்கம் போங்க ஐயா என்று சொல்லிவிடத் துடிப்பேன். என் கையைப் பிடித்து அமுக்குவார். ஆட்கள் இதை விளையாடும்போது நாம் பக்கத்தில் இருக்கப்போவதில்லை, அவருடைய பெருவிரலைப் பார், அது எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் நம் பிழை என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பெருவிரல் பொய் சொல்வதில்லை.

ஒருநாள் நான் புதிதாக வரைந்த படத்தில் ஏதோ கோளாறு. கைபேசி அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வலப்பக்கப் பொத்தானை அமுக்கினார், மூடவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினார். எனக்கு அது ஒரு சின்ன விஷயம். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பின்பக்கத்தைக் கழற்றி மின்கலத்தைப் பிடுங்கி மேசையில் போட்டார். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

"நாவலடியில எங்கட வீடு. கம்பிக் கதவு, உள்ளால பூட்டு. சாவிய நான்தான் எங்கயோ வெச்சன். தண்ணி வரக்குள்ள ஞாபகம் வரயில்ல. குசினி சன்னல் சின்னது, அதுக்குள்ளால நான் முதல் ஏறினன். தங்கச்சி பின்னால வாறாள் எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான் சொன்னார். கடல் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்தக் கதவையும் பூட்டியதில்லை. வாடகை அறையில்கூடத் தாழ்ப்பாள் போடாமல்தான் படுப்பார். நான் வைத்த பட்டப்பெயரை அன்றோடு விட்டேன்.

அது பயந்து பயந்து வாழ்ந்த காலம். யுத்த நிறுத்தம் கிழிந்து, வாகரைப் பக்கமிருந்து சனம் சட்டி பானையோடு வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சின்ன விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பாமல் போனார்கள். ஐந்தரைக்குள் வீட்டுக்குள் அடங்கிவிடுவோம். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டுவார்கள், கைபேசியில் என்ன படம், என்ன பாட்டு என்று பார்ப்பார்கள். அக்காவிடம் அதற்கும் ஒழுங்குகள் இருந்தன. விளையாட்டில் யார் பெயரும் வரக்கூடாது. பெயரே வேண்டாம். நான் சதுரக்கோட்டுக் கொப்பியில்தான் திரைகளைத் திட்டமிடுவேன். கட்டத்துக்கு ஓர் எண். தண்ணீர் என்றால் சுழியம், கரை ஒன்று, கண்டல் இரண்டு, இறால் மூன்று, முதலை நான்கு, பாலம் ஐந்து. அந்த எண்களைக் கணினியில் தட்டி முடித்ததும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். இது அவருடைய கட்டளை. பார்க்கிறவனுக்கு இது என்னவென்று தெரியாது, தெரியாததுதான் சாவடியில் நிற்பவர்களுக்குப் பயம், அவர்களுடைய பயம்தான் நமக்கு ஆபத்து என்பார். எனக்கோ அந்தத் தாள்களைக் கிழிக்க மனமே வராது. கணினியில் இருப்பதைவிட அவைதான் அழகாக இருக்கும்.

முதல் இரண்டு திரையும் முடிந்ததும் ஏறாவூரில் ஒரு கடைக்குக் கொடுத்தோம். கைபேசிகளுக்குப் பாட்டும் விளையாட்டும் ஏற்றிக்கொடுக்கிற கடை. கடைக்காரர் முஸ்லிம், அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரைக் காக்கா என்போம். ஆரவாரம் இல்லாத மனிதர். பட்டியலில் ஆருடைய பெயரைப் போட என்று கேட்டார். பேர் வேணாம் காக்கா என்றார் அக்கா. அடுத்த மாதம் போனபோது காக்கா எங்களை உட்கார வைத்து பிளேன்டீ தந்தார்.

"பேரில்லாத சாமான் எண்டாலும் நல்லா ஓடிட்டிரிக்கி புள்ள. பாலம் வருமா எண்டு பொடியன்மார் கேக்காங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாலத்தை வரையத்தான் நான் காத்திருந்தேன். மூன்றாவது திரையில் கல்லடிப் பாலம். தோணி அதன் கீழால் போக வேண்டும். இரண்டே நாளில் வரைந்து, எண் போட்டு, தட்டி, அக்காவிடம் காட்டினேன். ஒருமுறை விளையாடிப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரெண்டு முதலையையும் எடு."

ஏன் என்று கேட்டேன். நல்ல இடம், அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது என்றேன். எங்க வெச்சிருக்கிறாய் எண்டு நீயே ஒருக்கா வடிவாப் பார் என்றார். பார்த்தேன். பாலத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நிஜப் பாலத்தில் காவலரண்கள் இருந்த அதே இரண்டு இடம். நான் அதை நினைத்து வைக்கவே இல்லை, சத்தியமாக. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு முனையிலும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். எங்கே நெஞ்சு அடித்ததோ அங்கே என் கை தானாக முதலையை வைத்துவிட்டது.

எடுத்துவிட்டேன். எடுத்ததை அவருக்குக் காட்டவும் செய்தேன். ஆனால் முதலை இல்லாத பாலம் உப்பில்லாத கறிபோல இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் மேலதிகாரியின் அறைக்குள் இருந்த நேரத்தில் இரண்டையும் திரும்ப வைத்தேன். யாருக்கு விளங்கப்போகிறது, சின்னஞ்சிறிய பச்சைப் புள்ளிகள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அவர் கைபேசிக்கு நானே அனுப்பினேன். மூன்றாம் திரையின் தாளையும் கிழிக்கவில்லை. காக்காவின் கடையில் உட்கார்ந்து அடுத்த திரைக்கு அதைப் பார்த்து வரையலாம் என்ற எண்ணம். என் பையின் சிப் அறுந்திருந்தது. அதனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில், அவர் பையில் இருந்த கோப்புக்குள் அதைச் செருகினேன். அவர் மிதிபலகைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று நினைத்தேன், திட்டுவார் என்று சொல்லவில்லை.

ஏறாவூர் போகும் வழியில் ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமான இறக்கம்தான். வரிசையாக நடந்து போய்ப் பைகளை ஒரு பலகைமேல் வைத்தோம். கோப்பைத் திறந்தவன் இளம் சிப்பாய். தாளை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினான். பிறகு அதை எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போனான். அக்கா அந்தத் தாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொட்டகைக்குள் ஓர் அதிகாரி. எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கத்தவில்லை, அதட்டவில்லை. தாளை மேசையில் விரித்து, அவர் விரலால் வாவியின் கரையைத் தடவிக்கொண்டே போனார். வாவியை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாலத்துக்கு வந்ததும் விரல் நின்றது. ஐந்து என்றால் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பாலம் என்றார் அக்கா, தனக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில். நான்கு என்றால் என்ன என்று கேட்டார்.

முதலை, என்றார் அக்கா. இது கைபேசி விளையாட்டு, சேர், நாங்கள் செய்தது என்று சொல்லித் தன் கைபேசியைத் திறந்து நீட்டினார்.

எனக்கு அந்த நேரத்தில் நடந்த கணக்கை இப்போது எழுதவே கை கூசுகிறது. முதலைகள் திரையில் இல்லையென்றால் தாளில் உள்ள நான்கு எதைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். இருந்தால், எங்களையா முதலை என்கிறீர்கள் என்று கேட்பார்கள். எடுத்துவிட்டதாக அக்கா நம்பிக்கொண்டிருக்கிறார். இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அதிகாரி விளையாடத் தொடங்கினார். பீப், பீப் என்று அந்தச் சின்னச் சத்தம். முதல் திரையில் இரண்டுமுறை கண்டலில் மோதினார், மூன்றாம் முறை கரைசேர்ந்தார். இரண்டாம் திரை. வெளியே பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்படுகிற சத்தம் கேட்டது. அவர் மோதட்டும், தோற்கட்டும், அலுத்துப்போய்க் கைபேசியை எறியட்டும் என்று எல்லாக் கடவுளையும் வேண்டினேன். முதல் திரைக்குப் பிறகு அவர் பெருவிரல் எங்கும் தடுமாறவில்லை. நாங்கள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தோம்.

மூன்றாம் திரை. பாலம் வந்தது. தோணி மெதுவாகப் போய் நின்றது. அதிகாரி திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். அந்த இளம் சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிரித்து முடித்துத் தாளின் மேல் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

அக்காவின் கண் எப்போதும்போல ஒருமுறை சுவரைச் சுற்றியது. கொட்டகைக்கு ஒரே ஒரு வாசல்தான், அதில் சிப்பாய் நின்றான்.

"மம," என்றார்.

சிங்களத்தில் நான் என்று அர்த்தம். பக்கத்தில் நான் நின்றேன். என் விரல்களில் பென்சில் கறை இருந்தது. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை ஒரு பெரிய கொப்பியில் எழுதினார்கள். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வந்து கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்கள். அதிகாரி விளையாட்டிலிருந்து வெளியே வர வழி தேடினார். வலப்பக்கப் பொத்தான் சேர் என்றார் அக்கா. அமுக்கினார், மூடிக்கொண்டது. கைபேசியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், தன்னுடைய கைபேசிக்கும் அதை அனுப்பச் சொன்னார். அக்கா அனுப்பிக்கொடுத்தார்.

நாங்கள் ஏறாவூருக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது கொட்டியிருப்பேன். திங்கட்கிழமை வந்து, கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். அழித்து என்ன? அது எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. சிப்பாய்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றிக்கொண்டார்கள். காசு நிரப்ப வந்த ஒரு சிப்பாயின் கைபேசியிலிருந்து பாலத்துத் திரை தன் கடைக்கு வந்து சேர்ந்ததாகக் காக்கா சந்தோஷமாகச் சொல்லியனுப்பினார். பாலத்தைக் கடக்கும்போது காவலரணுக்குள்ளிருந்து அந்த பீப் சத்தம் கேட்கும். நான் வரைந்த தோணி, நான் வைத்த முதலை. அடையாள அட்டையை நீட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு ஊரெல்லாம் அதை விளையாடுவதைவிட வேறென்ன வேண்டும் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. பொத்தானைக் காட்டு என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

முதல் சனிக்கிழமை அவரோடு சந்திவரை போனேன். அதற்கப்புறம் ஒருநாள் தலையிடி, ஒருநாள் வீட்டில் விருந்தாளி. அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை. போகும்போது கோப்பொன்றையும் கொண்டுபோக மாட்டார், கைக்குட்டையும் அட்டையும் மட்டும். அந்த அதிகாரி ஒவ்வொரு முறையும் நாலாவது திரை எப்போது வரும் என்று கேட்பாராம். பகிடியா, விசாரணையா என்று பிரிக்க முடியவில்லை என்று ஒருநாள் அக்காவே சொன்னார். பயத்தில் ஒரு நாலாவது திரை செய்தார். அதில் பாலம் இல்லை, முதலை இல்லை, கண்டல் இல்லை, கரைகூட இல்லை. வெறும் தண்ணீர், ஒரு தோணி, வலப்பக்கத்தில் நான் முன்பு வரைந்த அந்த மூன்று எழுத்து. அதிகாரி கொஞ்சநேரம் தோணியை அங்கும் இங்கும் ஓட்டிவிட்டு, இதில் என்ன செய்வது என்று கேட்டாராம். ஒன்றும் செய்யத் தேவையில்லை சேர், போய்க்கொண்டே இருக்கலாம் என்றாராம். அந்த அதிகாரி பிறகு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு விளையாட்டும் தெரியாது, கதையும் தெரியாது. கொப்பியில் இலக்கம் இருந்தது, ஆகவே கையொப்பம் தொடர்ந்தது.

வடக்கில் யுத்தம் முடிந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் டவுனில் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மத்தியானம் கணினியை நிறுத்திவிட்டு, தெருவைப் பார்த்துக் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு இரண்டு மாதம் வேலைக்கு வந்தார், ஒருநாள் வரவில்லை. அவர் அறைக்கு ஓடினேன். கதவு அகலத் திறந்து கிடந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. எனக்கு உயிர் போய்விட்டது. வீட்டுக்காரம்மா வந்து, பயப்படாத மகள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிட்டா என்று சொல்லும்வரை அந்த நிலைப்படியில் அப்படியே நின்றேன்.

ஒரே ஒருமுறை அழைப்பு வந்தது. தெரியாத நீளமான இலக்கம். வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலையாம். படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை என்று அவர் சொல்லாமலே விளங்கியது.

"இஞ்ச கதவெல்லாம் தானாப் பூட்டுது கா," என்றார்.

வெளியே போகிற வழி பார்த்து வைத்திருக்கிறீங்களா அக்கா என்று கேட்டேன். சிரித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லவில்லை. இனிப் பொறுக்க ஏலாது என்று நான் தொடங்கினேன். அக்கா, அந்தத் தாள், என்றேன்.

"போன்ல வேணாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குத் தெரியும்," என்றார். பிறகு இணைப்பு இல்லை. அந்த இலக்கத்துக்கு அதன்பின் நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன், மணி அடிப்பதே இல்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது, அதில் அவர் இலக்கம் இன்னும் இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அக்கா கேட்கமாட்டார்.

எந்த இடத்துக்குள் போனாலும் வெளியே போகிற வழியை முதலில் பார்த்து வைக்கிறவர் அவர். அந்தக் கொட்டகைக்குள்ளும் பார்த்திருப்பார். அங்கே ஒரு வழி இருந்தது, அது நான்தான். தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பியிருந்தால் போதும், சன்னலுக்குள்ளால் ஏறினதுபோல முதலில் வெளியே வந்திருக்கலாம். அவர் திரும்பவில்லை. அந்தத் தாளை எழுதியவள் நான். எடுத்த முதலைகளைத் திரும்ப வைத்தவளும் நான். மம என்ற அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு எனக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது.